கிடங்கில் முதல் நவிரம் வரை: மலைவழி நடையும் விருந்தறமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திண்டிவனத்தில் பேருந்தேறிச் செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருட்டிணகிரிச் சாலையில் செல்லும் பயணி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்ததும் செங்கத்தை அடைகிறார். அவர் புறப்பட்ட ஊரும் சேர்ந்த ஊரும் பத்துப்பாட்டில் இடம்பெற்றவை என்பதைப் பேருந்தின் பெயர்ப்பலகை சொல்வதில்லை. திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கல், ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில். செங்கம், நன்னன் சேய் நன்னனின் செங்கண்மா. முன்னவன் சிறுபாணாற்றுப்படையின் தலைவன். பின்னவன் மலைபடுகடாத்தின் தலைவன். ஆற்றுப்படை நூல்கள் இரண்டின் தலைவர்கள் ஒரே நெடுஞ்சாலையின் இரு முனைகளில் இருக்கின்றனர்.

இவ்விரு பாடல்களையும் இலக்கணம் புறத்திணையில் வைத்தது. பாடநூல்கள் வள்ளல்களின் பெருமையைக் கூறும் நூல்களாக வைத்தன. இரண்டும் உண்மையே. ஆயினும், வள்ளலை அடையும் முன்னர் நடந்து கடக்க வேண்டிய வழியே அப்பாடல்களின் பெரும்பகுதி. அவ்வழியில் யார் மனையில் தங்குவது, எதனை உண்பது, எங்கே அஞ்சுவது, எங்கே வணங்குவது என்பனவே அவற்றின் பொருள். காட்டுவழியே பல நாள் நடந்து மலைக்குடிகளின் சிற்றூர்களில் இராத் தங்கிச் செல்லும் பயணம் இன்று ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. அப்பயணத்திற்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஓர் ஒழுக்கநூல் உண்டு. அந்நூல் மலைபடுகடாம்.

அந்த ஒழுக்கத்தின் சாரம் இதுவே: மலைக்குப் போவது காட்சி காணப் போவதன்று, மற்றொருவர் மனைக்குப் போவது. மனைக்குப் போனவர்க்குக் கடன் உண்டு. அக்கடன் இன்றளவும் தீர்க்கப்படவில்லை என்பதே இவ்வுரையின் பொருள்.

கடலிலிருந்து கிடங்கிலுக்கு

முதலில் ஓய்மானாட்டு வழி. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் அமைந்தது. பாணன் கடற்கரையில் எயிற்பட்டினத்தை அடைகிறான். அங்கே பரதவர் அவனுக்குத் தேறலும் சுட்ட மீனும் தருகின்றனர். அடுத்து வேலூர், அங்கே எயினர் மனையில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கின்றன. அதற்கப்பால் ஆமூர், அது மருதநிலம். உழவர் மனையில் வெண்சோற்றுடன் நண்டுக் கலவை வருகிறது. பின்னரே கிடங்கில். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும், ஆமூரை நல்லாமூர் என்றும் அறிஞர் இனங்காண்பர். மூன்றும் திண்டிவனத்துக்காரர்க்கு அன்றாடம் தெரிந்த ஊர்கள்.

மூன்று ஊர், மூன்று நிலம், மூன்று உணவு. எந்த மனையிலும் வந்தவனுக்கென்று புதிதாக ஒன்று ஆக்கப்படவில்லை. அந்நிலத்தில் விளைவது, அவ்வீட்டார் உண்பது, அதுவே விருந்தாகிறது. புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். அந்நாட்டு எயினர் மனையில் புளிச்சோறு கிடைத்தது என்பதில் வியப்பில்லை.

இவ்வழியில் மலை இல்லை. கடலில் தொடங்கி வயலில் முடிகிறது. குறிஞ்சியைக் காண வேண்டுமாயின் பாணன் கிடங்கிலைக் கடந்து மேற்கே நடக்க வேண்டும். செஞ்சிக் குன்றுகளைத் தாண்டிச் சவ்வாது மலையின் அடிவாரம்வரை போக வேண்டும். அங்கே வேறொரு புலவர், வேறொரு கூட்டத்தார்க்கு வழிசொல்லிக் கொண்டிருக்கிறார்.

வழி சொல்லும் முறை

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நீளமுடையது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். இதில் நடப்பவர் தனியொருவர் அல்லர். ஆடவரும் விறலியரும் கொண்ட ஒரு கூட்டம். முழவும் ஆகுளியும் கொம்பும் தூம்பும் குழலும் பைகளிலிட்டுச் சுமந்து வருகின்றனர். அப்பைகள் பலாமரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களைப்போல் இருந்தன என்கிறார் புலவர். மலைக்கு ஏறும் முன்னரே மலைப்பொருள் உவமையாக வந்துவிடுகிறது.

பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்படுபவர்க்குச் சொல்லும் வழிக்குறிப்புகள் நடந்தவனுக்கு மட்டுமே தெரியக்கூடியவை. பன்றி வரும் புழைகளில் குறவர் கல்லால் ஆன பொறிகளை வைத்திருப்பர். ஆதலின் இருளில் நடவாமல் விடியும்வரை தங்கிச் செல்க என்கிறான். பரற்கல் நிறைந்த பிளவுகளில் பாம்பு ஒடுங்கியிருக்கும். மரத்தின்மேல் ஏறி நோக்கி இடத்தைக் குறித்துக்கொண்டு, விறலியர் கைதொழ, விலகிச் செல்க என்கிறான். புனத்தில் மேயவரும் யானையை விரட்டப் பரண்மேலிருந்து கானவர் கவண்கல் எறிவர். அது மரங்களை ஊடுருவிவரும். பெருமரங்களின் மறைவில் செல்க என்கிறான். காட்டாற்றுச் சுழிகளில் வழுக்கும். கொடி சுற்றிய தாங்குமரத்தைப் பற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் காத்துக் கடந்து செல்க என்கிறான். பாசி மூடிய சுனைக்கரையில் அடி தளரும். மெல்லிய கோல்களைப் பற்றி நடக்க வேண்டும்.

இவற்றுள் ஒன்றேனும் மலையை எதிரியாக்கவில்லை. பொறி வைத்தவன் குற்றவாளி அல்லன். அவன் தன் தினையைக் காக்கிறான். கல்லெறிபவன் கொடியவன் அல்லன். அவன் கண்ணுக்கு யானை தெரிகிறது, கூத்தர் தெரியவில்லை. மலையில் ஏற்கெனவே ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது. வந்தவர் அதன் ஒழுங்குக்கு ஏற்பத் தம் காலடியை வைக்க வேண்டும். 'மலையை வெல்வது' என்ற பேச்சு இப்பாட்டில் எங்கும் இல்லை.

இன்னும் இரண்டு குறிப்புகள் கவிஞர்கள் உளங்கொள்ளத்தக்கவை. ஒன்று, நவிரமலையில் உறையும் காரியுண்டிக் கடவுளைப் பற்றியது. அந்நவிரத்தை இன்றைய பருவதமலை என்று இனங்காண்பர். அங்கே சென்றால் தொழுது செல்க. வீணே இசைக்கருவிகளை இயக்கற்க. இயக்கினால் மழை பொழியும் என்று எச்சரிக்கிறான். இசையே வாழ்வாகிய கூத்தரிடம், ஓரிடத்தில் வாசிக்காதே என்று சொல்லப்படுகிறது.

மற்றொன்று, கிளைவழிகள் பிரியும் இடத்தைப் பற்றியது. அந்நிலத்தை முன்பின் அறியாத புதியவர் பின்னால் வரக்கூடும். ஆதலின் வழி கூடுமிடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்க என்கிறான். முன்னே நடப்பவன் பின்னே வரும் முகமறியாதவனுக்குச் செய்யும் உதவி அது. அதற்கு வேண்டியது ஒரு பிடி புல்.

பார்வைக்கு ஒரு கட்டு

மயில் ஆடிக் களைத்தாலும், மூங்கில் கொம்பில் கடுவன் தாவினாலும், நெடுவரையில் தேர்ச்சக்கரம் போலத் தேனிறால் தொங்கினாலும் திடீரெனத் திரும்பி நோக்காதீர். நோக்கினால் வழி மாறிவிடும் என்கிறது பாட்டு. மலைக்குப் போகிறவர் காண விரும்புவன மயிலும் மந்தியும் தேனுமே. அவற்றையே பார்க்காதே என்கிறது. அழகு ஆபத்தானது என்பதன்று இதன் கருத்து. அடியின்மேல் கவனம் முதலில், அழகு பின்னர் என்பதே கருத்து. நின்று பார்க்கலாம், நடந்துகொண்டே பார்க்கலாகாது. ஒளிப்படக் கருவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே மலையேறும் இக்காலத்தார்க்கு இதனினும் பயனுள்ள அறிவுரையைச் சொல்லுதல் அரிது.

கண்ணைக் கட்டிய புலவர், செவியைத் திறந்துவிடுகிறார். நூலின் பெயரே அதனால் வந்தது. மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கொண்டமையால் மலைபடுகடாம் ஆயிற்று. நிழலில் இளைப்பாறியிருந்தால் கேட்கும் ஓசைகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணிக்காட்டுகிறார்: அருவியாடுவோர் ஆரவாரம், தேனெடுப்போர் மகிழ்ச்சிக் குரல், புலி கிழித்த கணவனின் புண் ஆறுவதற்காகக் கொடிச்சி பாடும் பாட்டு, வேங்கைப்பூப் பறிக்கும் மகளிர் எழுப்பும் புலிக்கூச்சல், குட்டி விழுந்த மந்தியின் அலறல், கிளி ஓட்டும் குரல், யானை பழக்கும் பாகரின் கலந்த மொழி, கன்றை ஓட்டிப் பலாச்சுளையை மிதிக்கச் செய்து விதை பிரிக்கும் சிறுவர் ஆர்ப்பு, கரும்பாலையின் ஒலி, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலனாகும். அருவியும் விலங்கும் எழுப்பும் ஓசைகள் இருந்தாலும், மிகுதியாக ஒலிப்பது மனிதர் உழைப்பு. காடு என்பது ஆளரவமற்ற அமைதி என்னும் கருத்து இங்கே இல்லை. புண்பட்ட கணவனும், பாடும் மனைவியும், கன்று ஓட்டும் சிறுவரும் சேர்ந்தே மலையின் மதநீர். மலையின் ஓசையிலிருந்து மலைமக்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது சிறிதே.

மனைதோறும் விருந்து

கூத்தர் மலைச்சீறூரை அடைகின்றனர். வேளின் கூத்தர் யாம் என்று சொன்ன அளவில், தம் வீட்டில் நுழைவது போல எவரையும் கேளாமல் உள்ளே நுழையலாம். வீட்டார் உறவினரைப் போல் இன்சொல் கூறுவர். நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் தருவர். மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள்ளும் உண்டு. மற்றோரிடத்தில் மூங்கில் அரிசியை மோரும் புளியும் சேர்ந்த உலையில் இட்டுச் சமைத்து, பெற்ற மக்களைத் தடுத்து நிறுத்துவதுபோல் முறைசொல்லித் தடுத்து, மனைதோறும் ஊட்டுவர். ஒரு வீட்டில் உண்டு மறு வீட்டைத் தவிர்க்க இயலாது.

வழி தவறினாலும் அஞ்ச வேண்டா. அகன்ற பாறைமேல் ஏறிக் கூட்டமாக நின்று இசைக்கருவிகளை முழக்குங்கள். ஓசையைக் கேட்டுப் புனங்காவலர் தம் பணியை விட்டு விரைந்து வருவர். உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டி, இடர் நிறைந்த வழியில் தாமே முன்னே செல்வர் என்கிறான். நவிரமலைக் கடவுள்முன் அடங்கியிருக்க வேண்டிய இசை, இங்கே உயிர்காக்கும் குரலாகிறது. எங்கே வாசிப்பது, எங்கே அடங்குவது என்பதை அறிந்தவனே மலையில் கலைஞன்.

இவற்றுக்கெல்லாம் முடிமணியாக ஒரு செய்தி: இவ்வூர்களின் அன்பில் தங்கினால், எந்தப் பரிசிலுக்காகப் புறப்பட்டீர்களோ அதனையே மறந்து நெடுநாள் தங்கிவிடவும் கூடும் என்கிறது பாட்டு. மன்னனைப் பாட வந்த நூலில், மன்னனின் கொடையை மறக்கச் செய்யும் ஆற்றல் ஒரு குறவர் மனையின் சோற்றுக்கு உண்டு என்று எழுதிய துணிவு பெருங்கௌசிகனாருடையது.

பாட்டு சொல்லாதது

இத்துணைச் சிறப்பிருந்தும் இந்நூலில் ஒரு வெற்றிடம் உண்டு. மலைமக்களின் வாய்மொழி எங்கே? அவர்கள் உபசரிக்கின்றனர், வழிகாட்டுகின்றனர், பாடுகின்றனர். ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்பவன் சமவெளிக் கலைஞன். அவர்களுள் ஒருவர்க்கும் பெயர் இல்லை. கதவு திறப்பதும் அவர்கள் விருப்பத்தால் மட்டுமன்று. நன்னன் பெயரைச் சொன்னதால் திறக்கிறது. அது அன்பா, ஆட்சிக்கு அடங்கிய கடமையா என்பதைப் பாட்டு பிரித்துக் காட்டவில்லை. ஒரு கூட்டமே வந்து மனைதோறும் உண்டுசென்ற பின், அவ்வீட்டுத் தினைக்குதிரில் எஞ்சியது எவ்வளவு என்ற கணக்கும் இல்லை.

இக்குறையைச் சொல்வது புலவரைப் பழிப்பதற்கன்று. அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டியவர் பின்வந்த கவிஞர்கள். அவ்வெற்றிடம் பிற்காலத்தில் எவ்வாறு நிரம்பியது என்பதைக் காண விழுப்புரத்துக்காரர் தொலைவு போக வேண்டியதில்லை.

கல்வராயன் மலையின் கதை

1993ஆம் ஆண்டு தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபோது கல்வராயன் மலையின் கிழக்குப் பகுதி அதனுள் அடங்கியது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலையும் அதனோடு சென்றது. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைக் கடந்து மலைச்சாலை வெள்ளிமலைக்கு ஏறுகிறது. அங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரால் கேரளத்தாரோ என மயங்க வேண்டா. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் ஏறத்தாழ எட்டு இலட்சம் பழங்குடியினருள் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மலையாளிகள். மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடி அவர்களே.

அவர்களிடம் வழங்கும் மரபுக்கதையைத் தர்சுட்டன் 1909இல் வெளிவந்த தம் நூலில் பதிந்துள்ளார். காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் என்னும் தெய்வத்தோடு புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர்; சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என அவர்தம் வழியினர் பரவினர் என்பது அக்கதை. வரலாற்றில் அதன் மெய்ம்மை எவ்வாறாயினும், கதை சொல்லும் உறவு தெளிவானது. மலையிலிருப்பவர் கீழிருப்பவரின் உடன்பிறப்பு. மலைபடுகடாம் 'உறவினரைப் போல்' என்று உவமையாக வைத்ததை, இம்மக்கள் உவமையின்றி உறவென்றே நம்பியிருக்கின்றனர்.

உறவுக்குக் கிடைத்த மதிப்போ வேறு. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இம்மலை நெடுங்காலம் இருந்தது. குடிகள் வரியும் கூலியற்ற உழைப்பும் செலுத்தினர். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழிந்து, 1976ஆம் ஆண்டில்தான் அரசு அந்நிலங்களைத் தன்வயம் எடுத்தது. நன்னன் பெயரால் திறந்த கதவு, ஜாகீர்தார் பெயரால் திறக்கப்பட்ட களஞ்சியம் ஆயிற்று. விருந்துக்கும் வெட்டிக்கும் இடையே உள்ள வேறுபாடு கொடுப்பவரின் விருப்பம் ஒன்றே. அதனைக் கேளாமல் விட்டால், விருந்து எந்நாளில் வெட்டியாக மாறிற்று என்பதை விருந்தாளி அறிய மாட்டான்.

உணவும் மாறிவிட்டது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவிற்று. கிழங்கு சேலம், ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. கடுக்காயும் புளியும் தேனும் கீழே இறங்குகின்றன. நியாயவிலைக் கடையின் அரிசி மேலே ஏறுகிறது. மலையின் சோறு உண்ண விரும்பிச் செல்லும் பயணி, சமவெளியின் அரிசியையே அங்கும் உண்ணக்கூடும். 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். அதன்பின் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து, சாலையும் மருத்துவமும் கல்வியும் எந்நிலையில் உள்ளன என்று வினவியது. ஓர் ஊருக்குச் சாலை உண்டா என்று நீதிமன்றம் கேட்கும் காலத்தில், அதே ஊருக்கு 'நடைவழிப் பயணம்' போகும் இன்பத்தைப் பற்றிப் பேசுவோர் ஒரு கணம் நிற்க வேண்டும். பயணிக்கு ஒற்றையடிப்பாதை ஒரு விருப்பம். பேறுகால வலியோடு கட்டிலில் சுமந்து இறக்கப்படும் பெண்ணுக்கு அதுவே விதி.

மலையோர் நடக்கும் நடை

கல்வராயனுக்கு வடமேற்கே சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி உள்ளது. 1992ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அம்மலையாளிச் சிற்றூருள் நுழைந்தனர். ஊர் சூறையாடப்பட்டது, பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. கேளாமல் மனைக்குள் நுழைதல் என்பது மலைபடுகடாத்தில் அன்பின் எல்லை. வாச்சாத்தியில் அதுவே கொடுமையின் தொடக்கம்.

மலைமக்களே நடக்கும் பலநாள் காட்டுநடை ஒன்றும் உண்டு. சுற்றுலாக் கையேடுகளில் அது இடம்பெறாது. சவ்வாது, சித்தேரி, கல்வராயன் மலைகளிலிருந்து ஆடவர் கூலிக்காக வெளிமாநிலங்களுக்குச் செல்கின்றனர். அவருள் சிலர் செம்மரம் வெட்ட ஆந்திரத்துச் சேசாசலக் காடுகளுக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். 2015 ஏப்பிரல் 7ஆம் நாள் அக்காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபதுபேர் ஆந்திரக் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையூர்களையும் அடிவார ஊர்களையும் சேர்ந்தவர்கள். பாறையும் சுனையும் பாம்பும் அறிந்த அதே கால்கள்தாம் அங்கும் நடந்தன. கூத்தர்க்கு வழிகாட்டிய அறிவு, சந்தையில் இவ்விலைக்கு விற்றது.

சமவெளியிலும் இக்கணக்கு உண்டு. திண்டிவனம், மரக்காணம், செஞ்சி வட்டாரங்களில் ஊர்ப்புறத்தே சிறுகுடிசைகளில் வாழும் இருளர், தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் மலையாளிகளுக்கு அடுத்தவர். செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்டோர் அவர்களுள் உண்டு. சாதிச்சான்றும் மனைப்பட்டாவும் அவர்களுக்கு இன்னும் போராட்டத்தின் பொருள்கள். திண்டிவனத்திலிருந்தே பேராசிரியர் கல்யாணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின்வழி அவர்களுக்காகப் பல்லாண்டு உழைத்து வருகிறார். நத்தத்தனார் பாணனுக்குப் புளிச்சோறு வாங்கித் தந்த எயினர் மனை, கடலுக்கும் கிடங்கிலுக்கும் இடைப்பட்ட இதே நிலத்தில் இருந்தது. அந்நிலத்தில் இன்று குடிசையில் இருப்பவரை அறியாமல் மலைச்சிற்றூரைத் தேடிப் போவது, அண்டைவீட்டைத் தாண்டி அயலூர் உறவைத் தேடுவதாகும்.

காட்சிப் பொருளாகும் மனிதர்

உலகில் இத்தகைய பயணம் பெருந்தொழிலாக வளர்ந்த இடங்களுள் ஒன்று தாய்லாந்தின் வடபகுதி. சியாங்மாய் நகரிலிருந்து காரென், லாகு, அக்கா முதலிய மலைக்குடிகளின் ஊர்களுக்கு அழைத்துச் செல்லும் பயணங்கள் 1970களிலிருந்து பெருகின. அதனால் வருவாய் வந்தது உண்மை. பர்மாவிலிருந்து தப்பிவந்த கயான் மகளிர், கழுத்தில் அடுக்கிய வளையங்களுக்காகவே நுழைவுக்கட்டணம் வாங்கிக் காட்டப்பட்டதும் உண்மை. அவர்களுள் சிலர்க்கு வேறுநாட்டில் குடியேற வாய்ப்பு வந்தபோது வெளியேற இசைவு கிடைக்கவில்லை என்பதை 2008இல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் வெளிப்படுத்தியது. அந்தமானில் சாரவர் வாழும் காட்டை ஊடறுத்த சாலையில், உணவை நீட்டி அவர்களை ஆடச் செய்த காணொளி 2012இல் வெளியாகி நாட்டைத் தலைகுனியச் செய்தது. மலைபடுகடாத்தில் ஆடுபவர் விருந்தாளிகள், சோறிடுபவர் மலைமக்கள். அந்தமானில் இது தலைகீழாயிற்று. எவர் ஆடுகிறார், எவர் சோறு நீட்டுகிறார் என்பதை நோக்கினாலே ஒரு பயணத்தின் அறம் விளங்கிவிடும்.

தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். முதலில் ஓடிச்சென்று மீட்டவர்களுள் அவ்வூர் மக்கள் இருந்தனர். பாறைமேல் எழும் ஓசையைக் கேட்டுப் பணியை விட்டு ஓடிவரும் புனங்காவலர் மரபு அற்றுப்போகவில்லை. அதன்பின் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 நடைவழிகளைத் திறந்து, பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றி அமர்த்தியது. பெரும்பாலும் ஒருபகலில் முடியும் வழிகளே அவை. வழிகாட்டியின் அறிவுக்கு ஊதியம் உண்டு என்று ஏற்கப்பட்டது வரவேற்கத்தக்கது. நன்னன் பெயரின் இடத்தில் இன்று அனுமதிச் சீட்டு இருக்கிறது. சீட்டு காட்டுக்குள் நுழையத் தரும் உரிமையே. மனைக்குள் நுழைய அது போதாது.

கவிஞர்க்குரிய கடன்

மனைக்குள் நுழையக் கவிஞர் கொண்டுசெல்ல வேண்டியது யாது? கூத்தர் வெறுங்கையோடு போகவில்லை. தம் கலையைச் சுமந்து போனார்கள். உண்ட சோற்றுக்கு அது ஈடாயிற்று. இக்காலக் கவிஞர் பெரும்பாலும் எடுத்துவரவே போகின்றனர்: ஒரு படிமம், ஒரு சொல், ஒரு மனநிலை. கீழிறங்கிய பின் கவிதை அச்சேறுகிறது. தந்தவர் பெயர் அதில் இல்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வெற்றிடம் இன்றும் அவ்வாறே தொடர்கிறது.

அதனை நிரப்புவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சொல் கேட்ட இடத்தில் சொன்னவர் பெயரை அவர் இசைவோடு குறிப்பது ஒன்று. எழுதியதை எடுத்துக்கொண்டு அதே மனைக்கு மீண்டும் சென்று அவர் முன்னிலையில் படிப்பது மற்றொன்று. பிழையிருந்தால் அவரே திருத்துவார். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004இல் வெளிவந்தபோது மலைக்குடி ஒன்றின் துயரம் தமிழ்ப் புதினத்துள் முழுமையாக நுழைந்தது. அதற்கும் அடுத்த படி, மலையாளி இளைஞரும் இருளர் மகளும் தாமே எழுதித் தாமே மேடையேறுவது. அவர்கள் தமிழில் பேசுபவர். பள்ளி கண்ட தலைமுறையினர். அவர்களிடம் இல்லாதது மொழியன்று. அவர்களை அழைக்கும் மேடை.

பத்தாண்டு நிறைந்த ஒரு வட்டத்தால் ஆகக்கூடிய செயல் இது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கூடும் கூட்டங்களுள் ஆண்டுக்கு ஒன்றேனும் வெள்ளிமலையில் நடக்கலாம். அவ்வூரார் அழைத்தால், அவ்வூரார் வசதிக்கேற்ற நாளில், உண்ணும் சோற்றுக்கு உரிய பொருளை வைத்து நடக்கலாம். மலையிலிருந்து வருவோர்க்கு இம்மேடையில் முதல் வரிசை இடம் தரலாம். கிடங்கிலிலிருந்து நவிரம்வரை உள்ள ஊர்களைக் கால்நடையாகக் கடந்து, இரு ஆற்றுப்படைகளையும் அந்தந்த நிலத்தில் நின்று படிக்கும் பயணம் ஒன்றையும் மேற்கொள்ளலாம்.

பெருங்கௌசிகனாரின் கூத்தர் கவர்த்த வழியில் புல் முடிந்து வைத்தது தமக்காக அன்று. பின்வருபவர் யார் என்பதும் அவர்க்குத் தெரியாது. இவ்வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் முடியும் புல், மலையிலிருந்து இறங்கிவரும் ஒரு கவிஞர்க்கு வழி காட்டுமாயின் அதுவே போதும்.